மாமா வீட்டு கம்ப்ரசர்

"தம்பி, கம்ப்ரசர் சரியில்லடா. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறியா?"

ஈசூனிலிருந்து மாமா தொலைபேசியில் இப்படிக் கேட்டதும், எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் ஏர்கான்காரரின் எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் கம்ப்ரசர் என்றால் சன்னலுக்கு வெளியே உட்கார்ந்து உறுமும் பெட்டிதானே. "சர்வீஸ் செஞ்சு எவ்வளவு நாளாச்சு மாமா?" என்று கேட்டேன். "1979ல வாங்குனது. இதுவரைக்கும் செஞ்சதே இல்ல" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனால் ஏர்கான் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அத்தை கொடுத்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள், மாமா அறையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே பழைய பனியனில் சுற்றிய ஒரு சிவப்பு உலோகப் பெட்டி. உள்ளங்கை அளவுதான். மேலே இரண்டு கறுப்புக் குமிழ்கள், காலால் அழுத்த ஒரு பொத்தான். ஓரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆண்டுதோறும் ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்த அடையாளம். கையால் எழுதியது போன்ற சாய்ந்த எழுத்தில் 'எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப்' என்று பெயர்.

எலெக்ட்ரிக் கித்தாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே மாட்டுகிற பெடல் இது. கித்தார்க்காரர்கள் வைத்திருக்கும் பெடல்களில் ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலிக்கும், ஒன்று தண்ணீருக்குள் வாசிப்பது போல அலைய வைக்கும். கம்ப்ரசர் பெடல் என்ன செய்கிறது என்பது மட்டும் கேட்பவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்கிறது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெல்டராக இருந்தவர். வார நாளில் வெல்டிங், வார இறுதியில் கித்தார். எண்பதுகளில் நம் திருமண விருந்துகளிலும் தீபாவளி கலை நிகழ்ச்சிகளிலும் வாசித்த இசைக்குழுக்களில் ஒன்றில் இருந்தார். பழுதுபார்க்க வந்த கப்பலிலிருந்து இறங்கிய ஓர் அமெரிக்க மாலுமி, கைச்செலவுக்குக் காசில்லாமல் அறுபது வெள்ளிக்கு விற்றுவிட்டுப் போன பெட்டி இது. மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். அந்த அறுபது வெள்ளியைப் பற்றி அத்தைக்கு இன்றும் ஒரு கருத்து உண்டு.

போன வருடம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார்கள். பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. கித்தாரில் தந்தியை மீட்டுகிற கை அது. இடது கை விரல்கள் நாற்பது வருடப் பழக்கத்தில் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. வலது கையோ ஒரு ஸ்வரத்தை ஓங்கி அடிக்கிறது, அடுத்ததைத் தடவிவிட்டுப் போகிறது. கையை உபயோகித்துக்கொண்டே இருங்கள் என்று இயன்முறை சிகிச்சையாளர் சொல்லியிருக்கிறார். அதனால் தினமும் காலையில் அரைமணி நேரம் கித்தாரை எடுக்கிறார். ஆனால் தான் வாசிப்பது தனக்கே பிடிக்கவில்லை என்று பத்து நிமிடத்தில் வைத்துவிடுகிறாராம். இதை அத்தைதான் அடுப்படியில் என்னிடம் சொன்னார்.

"இந்தப் பெட்டி ஒழுங்கா இருந்தா கையைச் சமாளிச்சிடும்டா" என்றார் மாமா. "ஆனா இதுவும் இப்ப என்னைய மாதிரியே இருக்கு."

இரவு பதினொரு மணிக்குத் தொலைக்காட்சியில் படம் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது. கதாநாயகி கிசுகிசுக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறீர்கள். அடுத்த நொடி சண்டைக்காட்சி, பதறிப்போய்க் குறைக்கிறீர்கள். மறுபடி கிசுகிசு, மறுபடி கூட்டல். ரிமோட்டைப் பிடித்திருக்கும் அந்தக் கை செய்கிற வேலைதான் கம்ப்ரசர் செய்வது. பெரிய சத்தம் வந்தால் அமுக்குகிறது, சின்ன சத்தத்தைத் தூக்குகிறது. ஒரு நொடிக்குள் பல முறை, தூங்காமல்.

கித்தாருக்கு இதனால் இன்னொரு லாபமும் உண்டு. தந்தியை மீட்டிய கணத்தில் சத்தம் உச்சத்தில் இருக்கும், பிறகு தேய்ந்துகொண்டே போகும். வீணை கற்றவர்களுக்கு இந்தக் கவலை தெரியும். ஒரே மீட்டில் நாலு ஸ்வரத்தை இழுக்கும்போது நாலாவது வருவதற்குள் நாதம் பாதியாகிவிடும். கம்ப்ரசர், ஒலி தேயத் தேய அதைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், ஸ்வரம் வயலின் போல நீண்டு நிற்பதாகத் தோன்றும். தோற்றம்தான். தந்தி அதன்பாட்டுக்குத் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வித்தை கித்தாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதே அல்ல. வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும்தான் முதலில் வைத்திருந்தன. அறுபதுகளில் ஜிம் லாரன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் செய்த டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ இன்றும் பெயர் சொல்கிறது. அதன் உள்ளே ஒரு சிறு விளக்குத் தகடும், வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு பொருளும் எதிரெதிரே இருக்கும். பாட்டு உரக்க வந்தால் விளக்கு அதிகமாக எரியும், அந்த வெளிச்சமே சத்தத்தைக் குறைக்கும். எவ்வளவு எளிமை பாருங்கள். ஆனால் வெற்றிடக் குழாய்களோடு அலமாரியில் திருகி வைக்க வேண்டிய கனமான பெட்டி அது. 1965ல் தி பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெகுவின் பன்னிரண்டு தந்திக் கித்தாரில் கொண்டுவந்த அந்த மணியோசைக்கு, ஒலிப்பதிவுக் கூடத்தின் கம்ப்ரசர்தான் பாதிக் காரணம். கூடத்தை விட்டு மேடைக்கு வந்தால் அந்த ஓசை கூட வராது.

அதைக் காலடிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் கீத் பார், டெர்ரி ஷெர்வுட் என்ற இரண்டு நண்பர்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம். கோடாக் ஃபிலிம் எங்கிருந்து வந்ததோ அதே ஊர். இசைக் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் எம்எக்ஸ்ஆர் என்ற பெயரில் பெடல் செய்யத் தொடங்கினார்கள். பழுதுபார்ப்பவன் செய்கிற பொருளுக்கு ஒரு குணம் உண்டு. சின்னதாக இருக்கும், கெட்டியாக இருக்கும், உள்ளே தேவையில்லாதது எதுவும் இருக்காது. டைனா காம்ப்பில் இரண்டே குமிழ்கள். ஒன்று வெளியே போகும் ஒலியின் அளவு. மற்றது 'சென்சிட்டிவிட்டி', அதாவது எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது. அவ்வளவுதான். இன்று ஐந்தாறு குமிழ்களோடு கம்ப்ரசர்கள் வருகின்றன. எனக்கென்னவோ, ஆறு குமிழ் உள்ள பெட்டியை வாங்கியவர்கள் வாசிப்பதைவிடத் திருகுவதுதான் அதிகம் என்று தோன்றும்.

ஆர்சிஏ நிறுவனத்தின் சிஏ3080 என்ற சிப்தான் டைனா காம்ப்பின் இதயம். அதன் ஒரு காலுக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ அந்த அளவுக்கு அது ஒலியைப் பெருக்கும். அந்த மின்னோட்டத்தை ஒரு சின்ன கெப்பாசிட்டர் நிர்ணயிக்கிறது. அதை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தந்தியை ஓங்கி மீட்டினால் தொட்டி சட்டென்று காலியாகும், பெருக்கம் குறையும். பிறகு ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி மெதுவாக நிரம்பும், பெருக்கம் கூடும். காலியாவதற்கு ஒரு சின்னக் கணம் பிடிக்கிறது இல்லையா, அந்தக் கணத்தில் மீட்டலின் முதல் நுனி மட்டும் பிடியிலிருந்து தப்பி வெளியே வந்துவிடும். 'டிக்' என்ற அந்தத் தட்டல்தான் இந்தப் பெட்டியின் கையெழுத்து. அமெரிக்க கன்ட்ரி இசைக் கித்தார்க்காரர்கள் கோழி கொத்துவது போலத் தட்டித் தட்டி வாசிப்பார்களே, அவர்களுக்கு இது அமிர்தம். தி போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ், பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் இருவரின் காலடியிலும் இந்தச் சிவப்புப் பெட்டி இருந்திருக்கிறது.

நல்ல பொருள் வந்தால் நகல் வரும். கன்சாஸ் மாநிலத்தின் சானூட் என்ற சிற்றூரில், கார் இருக்கை போல மெத்தை தைத்த கஸ்டம் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து பேர் வாங்கிய பட் ராஸ், சில சில்லறை மாற்றங்களோடு கிட்டத்தட்ட இதே சர்க்யூட்டை 'ராஸ் கம்ப்ரசர்' என்று விற்றார். பிற்காலத்தில் ஃபிஷ் குழுவின் ட்ரே அனஸ்டாசியோவால் அந்த நகல் பிரபலமாகி, நகலுக்கே நகல்கள் வந்தன. டான் ஆம்ஸ்ட்ராங் பெயரில் வந்த 'ஆரஞ்சு ஸ்க்வீசர்' இன்னும் வேடிக்கை. வெளியே குமிழே கிடையாது, கித்தாரிலேயே நேராகச் செருகிவிடும் சின்னப் பெட்டி. 1978ல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் நீல நிற சிஎஸ்-1ஐக் கொண்டுவந்தது. அதன் பேரப்பிள்ளையான சிஎஸ்-3 இன்றும் கடையில் கிடைக்கிறது. எம்எக்ஸ்ஆர் நிறுவனம் எண்பதுகளின் நடுவில் மூடப்பட்டது. கீத் பார் அலீசிஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வீடியோ கேசட்டில் எட்டுத் தடங்களை டிஜிட்டலாகப் பதிவு செய்யும் ஏடாட் கருவியைக் கொடுத்தார். எம்எக்ஸ்ஆர் பெயரை 1987ல் டன்லப் நிறுவனம் வாங்கியது. சிவப்பு டைனா காம்ப் புதிதாகவே கடையில் கிடைக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியில் அப்பாவின் கேசட் பிளேயரைப் பற்றி எழுதியபோது, இப்போது எங்கே வாங்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்கள் நினைவிருக்கிறது.

மாமாவின் பெட்டிக்கு வருவோம். செருகி வாசித்துப் பார்த்தேன். தடித்த தந்திகளில் கரகரவென்று உடைந்த ஒலி. ஒவ்வொரு மீட்டலுக்குப் பிறகும் ஒலி முங்கி எழுந்தது, யாரோ மூச்சு வாங்குவதுபோல. வாசிக்காமல் சும்மா இருந்தால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். இரைச்சல் மட்டும் நோயல்ல. தொட்டி முழுதாக நிரம்பியிருக்கும்போது பெருக்கம் உச்சத்தில் இருக்கும், அப்போது தூசி தும்பு எல்லாமே பெரிதாகத்தான் கேட்கும். பழைய கம்ப்ரசர்களின் பிறவிக்குணம் அது. மற்ற இரண்டும்தான் நோய்.

மாமாவின் மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். "இதே சத்தம் போன்லயே ஆப்பா இருக்குப்பா, நான் போட்டுத் தரேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கண்ணைக் கட்டிவிட்டு ஆப்பையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் போட்டால் நானே தடுமாறுவேன். ஆனால் மாமாவுக்குப் போன் திரையைத் தொடுவதற்கும் அந்த வலது கைதான் வேண்டும். பெட்டிக்குக் கால் போதும்.

ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் பழைய பெடல்களை நகைபோல அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. பெயர்ப் பலகையின் சாய்ந்த எழுத்தைப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், "சிப் போயிருச்சு. பழைய சிப் இப்ப வர்றதில்ல. பழுதா இருக்கறதால நூறு வெள்ளி தரேன், குடுத்திட்டுப் போங்க" என்றார். பக்கத்து அலமாரியில் இதே பெட்டி, இதைவிட அடிபட்டது, அறுநூற்றைம்பது வெள்ளி என்று சீட்டு ஒட்டியிருந்தது. நான் ஒன்றும் பேசாமல் பனியனில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாய்ந்த எழுத்துக்கு ஏன் இந்த விலை? எம்எக்ஸ்ஆர் முதலில் கையெழுத்து போன்ற எழுத்தில் பெயரை அச்சிட்டது, பின்னர் கட்டம் கட்டமான எழுத்துக்கு மாறியது. சாய்ந்த எழுத்து இருந்தால் பெட்டி பழையது. பழையதில் உலோகத் தொப்பி போட்ட சிஏ3080 சிப் இருக்கும், அதில்தான் மாயம் இருக்கிறது என்று சேகரிப்பவர்கள் நம்புகிறார்கள். அந்தச் சிப்பின் உற்பத்தி 2000களின் நடுவில் நின்றுபோனது. நின்றவுடன் விலை ஏறியது, ஏறியவுடன் மாயமும் கூடியது. போலிகளும் வந்துவிட்டன. என் கணிப்பு இது: உலோகத் தொப்பிக்கும் பிளாஸ்டிக் உடைக்கும் காது கண்டுபிடிக்கும் வித்தியாசத்தைவிட, பெட்டிக்குள் இருக்கும் மற்ற பாகங்கள் ஐம்பது வருடத்தில் உலர்ந்துபோனதால் வருகிற வித்தியாசம் பெரியது. இரண்டு பழைய டைனா காம்ப்கள் ஒன்றுபோல ஒலிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். அறுநூறு வெள்ளி கொடுத்து வாங்குகிறவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்க்க விடச் சொல்லுங்கள். விடாத கடையில் வாங்காதீர்கள்.

நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவன். படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருக்கிறேன், ஆனாலும் சால்டரிங் கோலைப் பிடிக்கக் கை மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு மாமாவின் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, அடிப்பலகையின் நாலு திருகுகளைக் கழற்றினேன். உள்ளே 9 வோல்ட் பேட்டரி, அதைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. இந்தக் காலத்துப் பெட்டிகளில் அடாப்டர் செருகத் துளை கிடையாது, எரிகிறதா என்று காட்ட விளக்கும் கிடையாது. கித்தார் ஒயரை உள்ளே செருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும், பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும். பரணில் பழைய பெடல் வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்துப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி கசிந்து செத்த பெடல்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். 2017ல் மூடப்படும்வரை சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்துக் கிடந்த பெடல்களில் எதைத் திறந்தாலும் இந்தப் பச்சைதான்.

சிப்பின்மேல் கை வைக்கும் முன், அந்தத் 'தண்ணீர்த் தொட்டி' கெப்பாசிட்டரின் ஒரு காலைக் கழற்றி அளந்தேன். 10 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது. மீட்டரில் 2.3 காட்டியது. நோய் புரிந்துவிட்டது. இந்த வகைக் கெப்பாசிட்டருக்குள் ஈரப்பசையான ஒரு பொருள் இருக்கும், வருடக்கணக்கில் அது உலர்ந்துவிடும். தொட்டி கால்வாசியாகச் சுருங்கியதால் நிரம்பும் நேரமும் கால்வாசியாகிவிட்டது. கிட்டத்தட்ட ஒன்றரை விநாடியில் நிதானமாகத் திரும்ப வேண்டிய ஒலி, அவசர அவசரமாகத் திரும்பியது. அதுதான் அந்த மூச்சு வாங்கல். தடித்த தந்தி மெதுவாக அதிர்வது. அந்த ஒவ்வோர் அதிர்வுக்கும் தொட்டி ஏறி இறங்கியதால் கரகரப்பு. சிப் கல்லுப்போல நன்றாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து சிம் லிம் டவருக்குப் போனேன். ஒரு வெள்ளிக்குள் நாலு கெப்பாசிட்டர். பேட்டரி மாட்டும் ஒயர் இன்னொரு வெள்ளி.

ஆனால் மாட்டுவதற்கு முன் ஒரு தயக்கம். பழைய பெட்டிக்குள் ஒரே ஒரு பாகத்தை மாற்றினாலும் சேகரிப்பவர்களிடம் விலை குறையும். சால்டர் புதிதாக மின்னுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நாளைக்கு மாமா விற்க நினைத்தால்? கழற்றியதைச் சின்னப் பையில் போட்டுப் பெட்டியோடு வைத்துவிடலாம், இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது என்று சொன்னேன்.

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சப்ப, ஒரிஜினல் போயிடுமேன்னு எவனாவது அழுதானா?" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து, "அப்ப உங்களுக்கு வெல ஒண்ணும் கொறயலையே, மொதல்லயே இல்லாததால" என்றார்.

மாட்டினேன். பச்சையைச் சுரண்டி, ஒயரை மாற்றி, மூடினேன். சந்தனத்தை மட்டும் துடைக்கவில்லை.

மாமா மடியில் கித்தாரை வைத்துக்கொண்டு முதலில் வாசித்தது 'இளைய நிலா'. 1982ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த நாளிலிருந்து, மேடையேறிய கித்தார்க்காரர் யாரையும் அந்தத் தொடக்கத்தை வாசிக்காமல் நம் ஆட்கள் இறங்கவிட்டதில்லை. ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முத்து கோத்தாற்போல ஒரே அளவில் விழ வேண்டும். எலெக்ட்ரிக் கித்தாரில் அதை வாசிக்கும்போது ஒரு ஸ்வரம் துருத்தினாலும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்த நாளில் கம்ப்ரசரையே வாங்கினேன் என்பார். மாலுமி விற்றது 1979ல், படம் வந்தது 1982ல் என்று நான் கணக்குப் பார்த்துச் சொன்னதில்லை.

அன்று சென்சிட்டிவிட்டிக் குமிழை முழுதாகத் திருப்பி வைத்தார். ஓங்கி அடித்ததும் தடவியதும் ஒன்றுபோல வந்தன. அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார். மாமா முகத்தில் ஒரு வருடமாகக் காணாத ஒன்று தெரிந்தது. ஆனால் அந்த வரிசையில் இரண்டு இடங்களில் ஓட்டை இருந்தது. விரல் தந்தியைத் தொடாமலே போன இடங்கள். சின்ன சத்தத்தைப் பெட்டி தூக்கும். இல்லாத சத்தத்தை அது எங்கே போய்த் தேடும்? அந்த இடங்களில் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் எழுந்தது. மாமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

எனக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல். கையின் குறையை மறைக்கிற பெட்டியைச் சரிசெய்து கொடுத்திருக்கிறோமே, இனி கை எப்படித் தேறும்? மேடையில் இருக்கும் இளைஞர்களிடம் நானே இதைச் சொல்லியிருக்கிறேன், கம்ப்ரசரோடு மட்டும் பழகாதே, விரல் சோம்பேறியாகிவிடும் என்று. எழுபது வயதை நெருங்குகிற மனிதரிடம், ஒரு வருடம் கழித்துச் சிரித்தவரிடம், இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது பெட்டியின்மேல் புதிதாக ஒன்று இருந்தது. சென்சிட்டிவிட்டிக் குமிழைச் சுற்றி, அத்தை மளிகைக் கணக்கு எழுதும் மார்க்கர் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள். "இது என்ன மாமா?" என்றேன், சேகரிப்பவர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்களே என்ற நினைப்போடு.

"திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை ஒரு கோடு கீழ எறக்குறேன்" என்றார். "ஒரே மாதிரி விழுதான்னு பாக்குறது. விழலன்னா அந்த வாரம் அங்கயே நிப்பாட்டிடுறது." பிறகு பெட்டியின் பொத்தானைக் கால் கட்டைவிரலால் அழுத்தி அணைத்தார். "கடைசி அஞ்சு நிமிஷம் இதில்லாம. கை எப்படி இருக்குன்னு தெரியணும்ல? பெட்டியக் கேட்டா பொய் சொல்லும்."

பெட்டி இல்லாமல் வாசித்தார். முதல் நாலு ஸ்வரம் சரி. ஐந்தாவது துருத்தியது. ஆறாவது இருந்தது, மெலிதாக, ஆனால் இருந்தது. போன முறை ஓட்டையாக இருந்த இடம் அது. மாமா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கித்தாரைச் சாய்த்து வைத்தார்.

எழுந்து அடுப்படிப் பக்கம் போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். குனிவது இன்னும் கொஞ்சம் சிரமம்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வலது கையால் இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கினார்.

"பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும்டா" என்றார்.